டெக் டீக்கடை: டார்ச்சா, துப்பாக்கியா?

'டூம் 3' ஆடியிருக்கீங்களா? 2004-ல் வந்த கேம். திரும்பின பக்கமெல்லாம் கும்மிருட்டு. டார்ச்சை எடுத்தா துப்பாக்கியை உள்ளே வைக்கணும். துப்பாக்கியை எடுத்தா டார்ச் அவுட்! ரசிகர்கள் சும்மா இருப்பாங்களா? ரெண்டையும் சேர்த்து ஒட்டுற மாதிரி ஒரு 'மாட்' எழுதி, அதுக்கு 'டக்ட் டேப்'னே பேர் வெச்சாங்க.

நிஜத்திலும் அதே தலைவலிதான். ரைஃபிளைப் பிடிக்கவே ரெண்டு கை வேணும். டார்ச்சுக்கு மூணாவது கைக்கு எங்கே போறது? மேலேயே மாட்டிட வேண்டியதுதான். அதுக்குக் கைகொடுப்பது, அமெரிக்க ராணுவம் 1995-ல் ஸ்டாண்டர்டு ஆக்கிய 'பிகாட்டினி ரெயில்'. பல்லு பல்லா வெட்டின ஓர் உலோகப் பட்டை. ஒவ்வொரு பள்ளமும் 5.23 மி.மீ. அகலம், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 10.01 மி.மீ. இந்த அளவுக்குச் செஞ்சா எந்தக் கம்பெனி லைட்டும் கச்சிதமா உட்காரும். நம்ம யு.எஸ்.பி. மாதிரி!

அடுத்து பேட்டரி. பல லைட்டுகளில் சிஆர்123ஏ ரெண்டு போடணும். தலா 3 வோல்ட், தீர்ந்தா குப்பைதான். ரீசார்ஜ் மாடல்களில் அடிக்கடி பார்க்கிறது 18650 என்கிற லித்தியம் அயான் செல். பேரிலேயே சைஸ் இருக்கு: 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். லேப்டாப் பேட்டரிகளுக்குள்ளே வரிசையா படுத்திருந்த அதே ஆசாமி! ரெண்டு சிஆர்123ஏ சேர்ந்தாலும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். அதனால சில லைட்டுகளில் எதை வேணா போடலாம். ஆனா அது 6 வோல்ட், இது 3.7. ரெண்டுக்கும் ஒழுங்கா எரியற மாதிரி சர்க்யூட் வேணும். சுடும்போதெல்லாம் துப்பாக்கி உதைக்குமே... அப்போ செல் குதிச்சு கான்டாக்ட் விடாம ஸ்பிரிங்கும் இறுக்கிப் பிடிக்கணும்.

விளம்பரத்துல '1000 லூமென்'னு கொட்டை எழுத்துல போடுவாங்க. அது மொத்த வெளிச்சம். எவ்வளவு தூரம் பாயும்னு தெரியணுமா? கேண்டெலாவைப் பாருங்க. அதோட வர்க்கமூலத்தை ரெண்டால பெருக்கினா மீட்டர் கணக்கு வந்துடும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். 40,000-க்கு 400 மீட்டர்தான். அந்தத் தூரத்தில் விழறதும் பௌர்ணமி நிலா அளவு வெளிச்சமே!

இதெல்லாத்தையும் விட முக்கியம், ஸ்விட்ச் எங்கே இருக்குங்கிறது. 2010-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ப்ளானோ நகரில், கைத்துப்பாக்கியில் மாட்டியிருந்த லைட்டைப் போட நினைச்ச போலீஸ்காரர் ட்ரிக்கரை அழுத்திட்டதா சொன்னார். எதிரே இருந்தவர் செத்துப்போனார். ரைஃபிளில் ஸ்விட்சை முன்னாடி, தாங்கிப் பிடிக்கிற கையின் கட்டைவிரலுக்குக் கீழே வைக்கிறது இதனாலும்தான். ட்ரிக்கர் விரலுக்கு லைட்டோட எந்த சகவாசமும் கூடாது.

இன்னொண்ணு. வெளிச்சம் போற இடத்துக்கெல்லாம் குழலும் போகும். 'யாரது?'ன்னு லைட் அடிச்சாலே, அந்த 'யாரோ' மேல ரைஃபிளை நீட்டியாச்சுன்னு அர்த்தம். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த குழந்தையா இருந்தா? அதனாலதான் தேடறதுக்குத் தனியா ஒரு கை டார்ச் வெச்சுக்கோன்னு பயிற்சியில் சொல்லித் தர்றாங்க.

ஸோ மக்களே, அடுத்த ப்ராஜெக்ட்டுல ஸ்விட்சை 'இடம் இருக்கிற மூலையில்' வைக்கப் போகும்போது, பதற்றத்தில் இருக்கிறவன் விரல் எங்கே போகும்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

டீ ஆறிடுச்சு... அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!