போட்டோஷாப் பழக ஒரு பழைய படம் போதும்

கோடை விடுமுறையில் போட்டோஷாப் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் முதலில் செய்து பார்ப்பது பெரும்பாலும் இரண்டு வேலைகள். தன் பெயரை எழுதி எழுத்தில் நெருப்பு எரிய வைப்பது ஒன்று. தன் படத்தை வெட்டி ஈஃபில் கோபுரத்தின் முன்னால் நிறுத்துவது இன்னொன்று. அன்றைக்கு வீட்டில் எல்லாரும் பார்த்து மகிழ்வார்கள். அடுத்த வாரம் அந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்பது பிள்ளைக்கே நினைவிருக்காது. கருவிகளின் பெயர்கள் மனப்பாடமாகியிருக்கும். எதற்கு எதை எடுக்க வேண்டும் என்பது மட்டும் பிடிபட்டிருக்காது.

இதைவிட நல்ல முதல் வேலை பல வீடுகளில் டிரங்குப் பெட்டியிலோ பீரோவின் அடித்தட்டிலோ கிடக்கிறது. நடுவில் மடிப்பு விழுந்து, ஓரம் கிழிந்து, பூஞ்சை படர்ந்த ஒரு பழைய கல்யாணப் படம். படங்களைத் திருத்தும் மென்பொருளைப் பழக வருகிறவர் எந்த வயதினராக இருந்தாலும், அப்படி ஒரு படத்தைச் செப்பனிடுவதில் தொடங்குவதே சரி.

நெருப்பு எழுத்தில் சரி, தப்பு என்று எதுவும் இல்லை. பாட்டியின் முகத்தில் இருக்கிறது. புருவத்துக்கு மேல் தெரிவது மச்சமா, தாளில் விழுந்த கறையா என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆள் உண்டு. அவ்வளவு கறாரான ஆசிரியர் எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்கமாட்டார்.

வேலையும் பொறுமையைக் கேட்கிற வேலைதான். படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் அப்போது 2,100க்கு 3,000 பிக்சல், அதாவது 63 லட்சம் புள்ளிகளாக விரியும். ஸ்கேனர் இல்லாதவர்கள் நல்ல பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷைப் போடாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுக்கலாம். எடுத்த மூலப் படத்தில் கை வைக்கவே கூடாது. அதன் மேல் வெற்று லேயர் ஒன்றைப் போட்டு, திருத்தங்களையெல்லாம் அதில் செய்ய வேண்டும். 1990-ல் வெளியான போட்டோஷாப்பில் லேயர் வசதி 1994-ல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. பிழை நேர்ந்தால் அந்த ஒரு லேயரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்பது புதிதாகப் பழகுகிறவருக்குப் பெரிய தைரியம்.

முதலில் பின்னணித் திரை, சுவர், தரை. அடுத்து உடைகள். முகம் கடைசியில். குளோன் கருவி நல்ல இடத்தை அப்படியே நகலெடுத்துக் கெட்ட இடத்தில் பதிக்கும். 2002-ல் போட்டோஷாப்புக்கு வந்த ஹீலிங் பிரஷ், பதிக்கும் இடத்தின் நிறத்துக்கும் ஒளிக்கும் ஏற்ப அந்த நகலை இழைத்துவிடும். வித்தியாசம் எங்கே விளங்கும் என்றால், மடிப்புக்கோடு தாத்தாவின் வேட்டிக் கரையைக் குறுக்கே வெட்டும் இடத்தில். ஹீலிங் பிரஷை அங்கே வைத்தால் கரை குழம்பிப் போகும். குளோனை எடுத்து, கரைக்கு நேராகக் கரையைப் பொருத்தினால்தான் கோடு முறியாமல் ஓடும். இதை ஒருமுறை கையால் செய்தவருக்கு அந்த இரண்டு கருவிகளைப் பற்றி வேறு பாடம் வேண்டாம்.

வண்ணப் படங்கள் இன்னொரு பாடம். 1970-களிலும் 80-களிலும் அச்சான பல படங்கள் ஆல்பத்துக்குள் இருந்தபடியே செம்மை ஏறிப்போயிருக்கின்றன. காரணம் வேதியியல். அச்சிலுள்ள மூன்று சாயங்களில் சயான் சாயம் முதலில் மங்கிவிடுவதால் சிவப்பு மேலோங்குகிறது. கர்வ்ஸ் கருவியைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே சரிசெய்யும்போது, எந்த வண்ணப் படமும் இந்த மூன்றின் சேர்க்கைதான் என்பது கண்முன்னே புலப்படுகிறது.

இத்தனையும் எதற்கு, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒரே தட்டில் முடிந்துவிடுமே என்று கேட்பார்கள். சுவரிலுள்ள கறையை அது அழிக்கட்டும், தவறில்லை. முகத்தை அதனிடம் விடக்கூடாது. மங்கலான முகத்தில் இல்லாத விவரத்தை அது மீட்பதில்லை, தானாக வரைகிறது. 2021-ல் டென்சென்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஜிஎஃப்பிகேன் என்ற முகச் சீரமைப்பு மென்பொருள், ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகப் படங்களில் பயிற்சி பெற்றது. அழிந்துபோன கண்ணிமையை அது அந்த அந்நிய முகங்களில் கற்றதைக் கொண்டுதான் நிரப்பும். 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற மென்பொருளிடம் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தை வரைந்து தந்தது. உலகறிந்த முகம் என்பதால் உடனே பிடிபட்டது. கொள்ளுத்தாத்தாவின் முகத்தை யார் பிடிப்பது? பளிச்சென்று வந்துவிட்டது என்று சட்டம் போட்டு மாட்டி, யாரோ ஒருவருக்கு மாலை போட்டுக்கொண்டிருப்போம்.

மனிதர்கள் கையாலும் இதே தவறு நடக்கிறது. கருத்த தோலை வெளுப்பாக்குவதை நம் ஸ்டூடியோக்கள் பல பத்தாண்டுகளாகச் சேவையாகவே செய்துவந்திருக்கின்றன. பழகுகிறவரின் கையும் தானாக அங்கே போகும். வயலில் உழைத்துக் கருத்த முகத்தைக் கருப்பாகவே விட வேண்டும். அது கறை அல்ல.

இந்தத் திறமை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 2011 சுனாமிக்குப் பிறகு சேற்றிலிருந்து எடுத்த புகைப்படங்களைத் தன்னார்வலர்கள் கழுவிக் காயவைத்தார்கள். மாடல்களின் படங்களை மெருகேற்றும் தொழிலில் இருந்த பெக்கி மேன்சன் அங்கே உதவப் போனார். பல நாடுகளில் இருந்த ரீடச்சிங் கலைஞர்களை இணையம் வழியே சேர்த்துக்கொண்டு, சிதைந்த படங்களைச் செப்பனிட்டு உரியவர்களிடம் சேர வைத்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் ஆல்பங்கள் ஊறிப்போயின. தெருவுக்கு ஒருவர் இந்த வேலை தெரிந்தவராக இருந்திருந்தால் அவற்றில் கொஞ்சமாவது மீண்டிருக்கும். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி மின்னாக்கம் செய்யும் பணியைப் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன் செய்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அதில் நம் பள்ளி மாணவர்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

செலவு ஒரு தடையே இல்லை. பெர்க்லி மாணவர்கள் இருவர் 1995-ல் எழுதத் தொடங்கிய கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் இன்றும் இலவசம். மேலே சொன்ன வேலைகள் அத்தனையையும் செய்யும். கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடத்தில் கிம்ப் இருக்கிறது. தமிழ்நாட்டிலோ 2019-ல் வந்த 12-ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் கற்றுத்தந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு வந்தது 2001-ல். அந்த இடத்தில் கிம்பும், மாணவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஒரு பழைய படமும் வர வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு அதுவே போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையை அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதையும் ஃபைலோடு சேர்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லக்கூடிய காலத்திலேயே அதைச் செய்துவிட வேண்டும்.