எட்டுப் பேர் பதினொரு பேரானால்...

ஓட்டலில் டேபிள் புக் செய்துவிட்டுச் சாப்பிடப் போவது நம்மில் பலருக்கும் புதிய பழக்கம். மெஸ்ஸிலும் சாதாரண ஓட்டலிலும் நாம் அறிந்த ரிசர்வேஷன் ஒன்றே ஒன்றுதான். மோர் சாதத்துக்கு வந்துவிட்டவர் யார் என்று பார்த்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது! எத்தனை பேர் வருகிறீர்கள் என்று அங்கே யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை.

இப்போது வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டன. ஈஸிடைனர், ஸ்விக்கி டைன்அவுட், டிஸ்ட்ரிக்ட் போன்றவற்றின் மூலமாகவோ, ஓட்டலின் சொந்த இணைய தளத்திலோ, தேதி, நேரம், எத்தனை பேர் என்ற மூன்று கட்டங்களை நிரப்பினால் டேபிள் உங்களுக்கு. இதில் தேதியும் நேரமும் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. சிக்கல் தருவது மூன்றாவது கட்டம்தான். நம் வீடுகளில் அந்த எண் கடைசி நிமிடம் வரை நிற்பதே இல்லை. "குடும்பத்தோட வந்துடுங்க" என்று அழைக்கும் பழக்கம் உள்ளவர்கள் நாம். குடும்பம் என்பது நான்கா, ஏழா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எனக்கே இதில் ஒரு பாடம் கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டு, என் கருத்துக்கு வருகிறேன்.

நடந்தது இதுதான்

அப்பா அம்மாவின் முப்பதாவது திருமண நாள். சென்னையில் ஓர் ஓட்டலில், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எட்டுப் பேர் என்று ஒரு வாரம் முன்பே அவர்களின் இணைய தளத்தில் புக் செய்தேன். உறுதி செய்யப்பட்டது என்று எஸ்.எம்.எஸ். வந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு அத்தையிடமிருந்து போன். திருச்சியிலிருந்து ஒரு கல்யாணத்துக்காக வந்திருக்கிறார்கள். அத்தை, மாமா, அவர்கள் மகள். அப்பாவுக்கு ஒரே தங்கை. "நைட்டு எங்ககூடத்தான் சாப்பிடுறீங்க" என்று சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல மாத்திடலாம்ல?" என்று கேட்டார். "ரெண்டு நிமிஷம்ப்பா" என்றேன்.

இணைய தளத்தைத் திறந்து, 8 என்பதை 11 ஆக்கினேன். சிவப்பு எழுத்தில் மெசேஜ் வந்தது: அதிகபட்சம் பத்துப் பேர். சற்று யோசித்தேன். என் மனைவியின் மொபைல் எண்ணைக் கொடுத்து, அதே நேரத்துக்கு மூன்று பேர் என்று இன்னொரு புக்கிங் செய்தேன். உடனே உறுதியானது. எட்டும் மூன்றும் பதினொன்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

போய்ப் பார்த்தால், எட்டுப் பேர் டேபிள் மாடியில். மூன்று பேர் டேபிள் கீழே, வாசல் ஓரத்தில். மேல்தளம் முழுக்க நிரம்பியிருந்தது. மேனேஜர் பொறுமையாகத்தான் பேசினார். "சார், அஞ்சு மணிக்கு ஒரு போன் பண்ணியிருந்தா மேலயே மூணு டேபிளைச் சேர்த்துப் போட்டிருப்போம். ரெண்டு நம்பர், ரெண்டு பேரு. எங்களுக்கு ரெண்டு வேற வேற பார்ட்டின்னுதான் தெரியும்."

அத்தை, "பரவாயில்லப்பா, சாப்பாடு எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டுக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். தங்கையைத் தனியே விட மனமில்லாமல் அப்பாவும் கீழே போனார். கடைசியில் திருமண நாள் விருந்தை அம்மா மாடியிலும் அப்பா கீழேயும் சாப்பிட்டார்கள். கேக் வெட்ட மட்டும் ஒன்று சேர்ந்தோம்.

ரயில் டிக்கெட் அல்ல, டேபிள்

நான் எங்கே தவறினேன்? ரயில் டிக்கெட் போல யோசித்ததுதான் தவறு. ஐ.ஆர்.சி.டி.சி. 2002-ல் இன்டர்நெட் மூலம் டிக்கெட் தரத் தொடங்கியதிலிருந்து நமக்குப் பழகிய முறை அது. சாதாரண முன்பதிவில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை. எடுத்து முடித்த டிக்கெட்டில், அதாவது ஒரு பி.என்.ஆர். எண்ணில், புதிதாக ஓர் ஆளைச் சேர்க்க முடியாது. கூடுதலாக வருபவருக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். வேறு பெட்டியில் இடம் கிடைத்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊர் போய்ச் சேருவோம். நோக்கம் நிறைவேறிவிடும்.

ஓட்டலுக்குப் போகும் நோக்கம் வேறு. ஒன்றாக உட்காருவதற்காகத்தான் போகிறோம். அங்கே கணக்கு நாற்காலியில் இல்லை, டேபிளில் இருக்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஓர் ஓட்டலில் நான்கு பேர் டேபிள் பத்து, இரண்டு பேர் டேபிள் ஐந்து என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் ஐம்பது நாற்காலிகள். எட்டுப் பேருக்கு இரண்டு பெரிய டேபிள்களைச் சேர்த்துப் போட்டால் போதும். பதினொரு பேருக்கு மூன்று டேபிள் வேண்டும். அதுவும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஹாலில் பன்னிரண்டு நாற்காலி காலியாக இருந்தாலும், அவை மூலைக்கு இரண்டாகச் சிதறிக் கிடந்தால் உங்களுக்குப் பயனில்லை.

நேரக் கணக்கும் உண்டு. இரண்டு பேர் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். பெரிய கூட்டம் அதிக நேரம் எடுக்கும். எனவே பேர் எண்ணிக்கைக்கு ஏற்ப டேபிளை எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதையும் ஓட்டல்கள் மாற்றி அமைக்கின்றன. உங்கள் பக்கத்து டேபிள் எட்டு மணிக்குக் காலியாக இருக்கலாம். ஒன்பது மணிக்கு அதை வேறொருவர் புக் செய்திருந்தால், உங்களுக்காக அதைச் சேர்க்க முடியாது.

ஆகவே 8 என்பதை 11 ஆக்குவது பழைய கேள்வியில் ஒரு திருத்தம் அல்ல. அது புதிய கேள்வி. பழைய கேள்விக்குக் கிடைத்த "உறுதி" என்ற பதில் அதற்குப் பொருந்தாது.

நான்கும் ஐந்தும்

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 2018 மே மாதம் கூகுள் நிறுவனத்தின் ஐ/ஓ மாநாட்டில், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, டூப்ளெக்ஸ் என்ற தொழில்நுட்பத்தை அறிமுகம் செய்தார். கம்ப்யூட்டரே மனிதக் குரலில் ஓட்டலுக்குப் போன் செய்து டேபிள் கேட்டது. அந்த உரையாடலின் பதிவை மேடையில் போட்டுக் காட்டினார்கள். நான்கு பேருக்கு இடம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்க, எதிர்முனையில் இருந்தவர், ஐந்து பேருக்கு மேல் வந்தால்தான் ரிசர்வேஷன், நான்கு பேர் என்றால் நேரே வரலாம் என்ற பொருளில் பதில் சொன்னார்.

கம்ப்யூட்டர் மனிதனைப் போலப் பேசியதைக் கேட்டு எல்லோரும் வியந்தார்கள். எனக்கு அந்தப் பதில்தான் முக்கியமாகப் படுகிறது. ஓர் ஆள் கூடினால் விதியே மாறிவிடுகிறது. அந்த விதி அந்த ஓட்டலில் இருப்பவருக்குத்தான் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் ஓப்பன்டேபிள் நிறுவனம் 1998-ல் தொடங்கப்பட்டதே போனில் காத்துக் கிடக்கும் வேலையை ஒழிப்பதற்குத்தான். அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. முதல் முறை டேபிள் பிடிக்க இணைய தளத்தைவிட எளிய வழி இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் ஆள் கூடினால், கேட்க வேண்டியது கம்ப்யூட்டர் சர்வரை அல்ல. ஓட்டல் சர்வரையோ மேனேஜரையோதான்!

எங்கள் தொழிலின் தவறும் உண்டு

பழியை முழுவதும் என் மேலே போட்டுக்கொள்ள நான் தயாரில்லை. பத்துப் பேர் என்று எல்லை வைத்தது சரி. அதற்கு மேல் போனால் டேபிள்களை நகர்த்த வேண்டும், மனிதர் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிவப்பு மெசேஜுக்குக் கீழே, "இதற்கு மேல் என்றால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று ஒரு வரி இருந்திருந்தால் என் அப்பாவும் அம்மாவும் ஒரே டேபிளில் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்த ஒரு வரியை எழுத எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. முடியாது என்று சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அடுத்து என்ன செய்வது என்று சொல்வதும் எங்கள் வேலைதான். நானும் என் அலுவலக வேலையில் இப்படிப் பல சிவப்பு மெசேஜ்களை எழுதியிருக்கிறேன். அன்று இரவு அவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சிலர் கேட்கலாம். எதற்கு இந்தத் தொல்லை? முதலிலேயே பன்னிரண்டு பேர் என்று போட்டுவிட்டால் என்ன? இதை நான் ஏற்கவில்லை. நீங்கள் சும்மா பிடித்து வைத்த நான்கு இடத்தால், ஞாயிறு இரவில் வேறொரு குடும்பத்துக்கு "இடமில்லை" என்று அந்த இணைய தளம் பதில் சொல்லியிருக்கும். ஓட்டல்காரருக்கும் அது நஷ்டம். பலரும் இப்படிச் செய்தால்தான் ஓட்டல்கள் தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்கத் தொடங்கும்.

சொல்லாமல் போய் நின்றால் நாற்காலி இழுத்துப் போட மாட்டார்களா? ஓர் ஆள் என்றால் போடலாம். மூன்று ஆள் என்றால் சூடான பாத்திரத்தோடு வருபவருக்கு நடக்க வழி இருக்காது.

என்ன செய்யலாம்?

ஆள் கூடுகிறது என்று தெரிந்த உடனே இந்த வரிசையில் செயல்படுங்கள்.

முதலில், பழைய புக்கிங்கைக் கேன்சல் செய்யாதீர்கள். அதை விட்டுவிட்டால், புதிய எண்ணிக்கைக்கும் இடமில்லாமல் பழைய இடமும் போய்விடலாம். உங்கள் புக்கிங்கில் மாற்றம் செய்யும் வசதி இருந்தால் அதில் முயன்று பாருங்கள். அது ஏற்கவில்லை என்றால், என்னைப் போல இரண்டாவது புக்கிங் செய்து தந்திரம் செய்ய வேண்டாம். போனை எடுங்கள்.

மதியக் கூட்டம் முடிந்து இரவுக் கூட்டம் தொடங்கும் முன், மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் பேசுவது நல்லது. எட்டு மணிக்குப் போன் செய்தால் எடுப்பவருக்கே நேரம் இருக்காது. யார் பெயரில் புக்கிங், எத்தனை மணி, முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று சொல்லுங்கள். "பத்துப் பன்னிரண்டு" என்று சொல்லாமல் ஒரே எண்ணைச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருந்தாலும், மாடி ஏற முடியாத பெரியவர் இருந்தாலும் அப்போதே தெரிவியுங்கள்.

இடம் இல்லை என்றால், அரை மணி முன்னதாக வரலாமா, பக்கத்துப் பக்கத்து டேபிளாவது கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்தப் பதிலை மதித்து வேறு இடம் பாருங்கள். ஐந்து மணிக்குக் கேட்கும் "இல்லை", விருந்தாளிகளோடு வாசலில் நின்று கேட்கும் "இல்லை"யை விட எவ்வளவோ மேல்.

போனில் சரி என்றதும் வைத்துவிடாதீர்கள். புதிய எண்ணிக்கையை அவர்கள் கம்ப்யூட்டரிலும் மாற்றச் சொல்லுங்கள். இரவு வாசலில் நிற்பவர் வேறு ஆளாக இருக்கலாம். அவர் நம்புவது திரையில் தெரியும் எண்ணைத்தான். பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தேடலில் முதலில் வரும் ஏதோ ஓர் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். போலி எண்களும் அதில் கலந்திருக்கலாம். ஓட்டலின் சொந்த இணைய தளத்திலோ, உங்கள் புக்கிங் எஸ்.எம்.எஸ்.ஸிலோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். ஆள் சேர்க்க ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். டேபிளில் நாற்காலி போட ஓ.டி.பி. தேவையில்லை.

போன மாதம் அத்தை மீண்டும் வந்திருந்தார். ஆறு பேர் என்று புக் செய்திருந்தது ஒன்பதாகிவிட்டது. இந்த முறை நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. நான்கு மணிக்குப் போன் செய்தேன். எட்டரைக்குப் பதில் ஏழரைக்கு வந்தால் சேர்த்துப் போடுகிறோம் என்றார்கள். ஏழரைக்குப் போனோம். அப்பாவுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தை.