வீட்டில் தொழில், ஏட்டில் எல்லை

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானலின் குளிர், சாக்லேட்டை உருகாமல் காக்கின்றது. அங்கே பல வீடுகளின் பின்னறையே சாக்லேட் வார்க்கும் தொழிற்கூடம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை வாங்கித் தரம்பிரித்து விற்போருக்கும் வீடே பண்டசாலை.

இத்தகைய இல்லங்களில் ஒரு குறையை நாம் காண்கிறோம். முந்திரிக்கும் சர்க்கரைக்கும் ஆன செலவு ஏட்டில் ஏறுகிறது. வீடு தந்த இடத்தின் மதிப்பு ஏறுவதில்லை. மாத முடிவில் கையில் நிற்பதையெல்லாம் இலாபம் என்று எண்ணி மகிழ்கிறோம். அதில் ஒரு பங்கு வீட்டு வாடகையே என்பதை மறந்துவிடுகிறோம்.

சட்டம் அதை மறக்கவில்லை. தொழில் நடைபெறும் கட்டடத்தின் வாடகை, பழுதுபார்ப்பு, உள்ளாட்சி வரி, காப்பீடு ஆகியவற்றை வருமானத்திலிருந்து கழிக்க, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இடந்தந்தது. ஒரே வீட்டில் குடியிருப்பும் தொழிலும் சேர்ந்திருப்பின், தொழிலுக்குரிய நியாயமான பங்கை மட்டுமே கழிக்கலாம் என்று 38ஆம் பிரிவு வரையறுத்தது. 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து செயற்படும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினும், இந்நெறி மாறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வீட்டின் பரப்பு 600 சதுர அடி. வாடகை மாதம் 9,000 ரூபாய். தொழிலுக்கென ஒதுக்கிய அறை 100 சதுர அடி. ஆறில் ஒரு பங்காகிய 1,500 ரூபாய், ஆண்டுக்கு 18,000 ரூபாய், தொழிற்செலவாகும். அதே அறையில் இரவில் பிள்ளைகள் உறங்கினால், அல்லது குடும்பச் சமையலும் தொழிலும் ஒரே அடுப்படியில் நடந்தால், பரப்போடு நேரத்தையும் கணக்கிட்டுப் பங்கைக் குறைத்துக்கொள்வதே முறை. மின்கட்டணத்திற்கும் இதுவே வழி. பொதிதாளும் அச்சுகளும் தொழிலுக்கே உரியவை. அவற்றின் செலவைப் பங்கிட வேண்டுவதில்லை.

வீடு சொந்தமாயின், தமக்குத் தாமே வாடகை கொடுத்ததாக எழுதுதல் கூடாது. உள்ளாட்சி வரியிலும் பழுதுபார்த்த செலவிலும் உரிய பங்கைக் கொள்ளலாம். வீட்டின் படம் ஒன்றை அளவுகளோடு வரைந்து, வாடகை ரசீதுகளையும் மின்கட்டண ரசீதுகளையும் அதனுடன் சேர்த்து வைப்பது நலம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழிற்செலவு பொதுவாகக் கழிவுக்குத் தகாது என்பதையும் நினைவிற் கொள்க.

ஒன்றை இங்கே வற்புறுத்துகிறோம். சிறு தொழிலுக்கு எளிய வழியொன்றும் உண்டு: விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கிவழி வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, வருமானமாகக் காட்டிவிடலாம். இவ்வழியைத் தேர்ந்தவர் வீட்டு வாடகைப் பங்கைத் தனியே கழிக்க இயலாது. எல்லாச் செலவும் அதனுள் அடங்கிவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. மாதச் சம்பளத்தில் வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கும் இக்கழிவு இல்லை.

“2025–26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 12 இலட்சம் ரூபாய் வருமானம் வரை பொதுவாக வரியே இல்லையே, இக்கணக்கு எதற்கு?” என்று வாசகர்கள் வினவலாம். தொழில் உண்மையாகவே குடும்பத்தைத் தாங்குகிறதா, அல்லது குடும்பம்தான் தொழிலைத் தாங்குகிறதா என்பதை அறிவதற்கே! சீசன் முடிந்து மழை மாதங்கள் வரும்போது, விலையை உயர்த்துவதா, கடன் வாங்குவதா, வேறு தொழில் நாடுவதா என்று கணவனும் மனைவியும் அமர்ந்து பேச வேண்டியிருக்கும். அப்போது கையில் மெய்யான கணக்கு இருத்தல் வேண்டும். உரிய பங்கைக் கேளாமல் விடுவது பணிவன்று. உரியதற்கு மேல் கேட்பது திறமையுமன்று. இம்மாதமே அளவு நாடாவை எடுத்து அறையை அளந்து, ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைப்போம்.