ஒரு நாள் எடை தீர்ப்பாகாது

2024 ஆகஸ்ட் 6 காலை, பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்தப் பிரிவுக்காக எடை பார்த்தபோது இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 49.9 கிலோ இருந்தார். அன்றே மூன்று பந்தயங்களில் வென்றார். இடையில் உடல் தாங்குவதற்கு உணவும் நீரும் எடுத்துக்கொண்டார். அரையிறுதி முடிந்த மாலையில் அவருடைய எடை வரம்பைவிட 2.7 கிலோ கூடியிருந்ததாக இந்திய அணியின் தலைமை மருத்துவர் பின்னர் தெரிவித்தார். இரவு முழுக்கத் தண்ணீரைத் தவிர்த்து, வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தும் மறுநாள் காலை 100 கிராம் மிஞ்சியது, இறுதிப்போட்டி கைநழுவியது. நாடே அந்த 100 கிராமைப் பற்றிப் பேசியது. ஒரே பகலில் ஏறி, ஒரே இரவில் இறங்கிய இரண்டரைக் கிலோவைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஏறியது உணவும் நீரும். இறங்கியதில் பெரும்பகுதி நீர். கொழுப்புக்கு இந்தக் கணக்கில் பெயரளவுக்குத்தான் இடம். விளையாட்டு வீரருக்கு நேர்ந்ததுதான், சற்றுச் சிறிய அளவில், எல்லா வீடுகளிலும் தினமும் நேர்கிறது. நேற்று 68.2, இன்று 69.4 என்று காட்டியதும் பதறி ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுகிறவர்கள், உடல் சொல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள்.

கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. கல்யாண விருந்துக்குப் போய்வந்த மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால், அது முழுக்கக் கொழுப்பாக இருக்கவேண்டுமென்றால், அன்றாடத் தேவைக்கு மேல் 7,700 கலோரியை ஒரே நாளில் உண்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது எளிதில் நடக்காது. நடந்தது வேறு. அப்பளம், ஊறுகாய், சாம்பார், வறுவல் எல்லாவற்றிலும் இருந்த உப்பு உடலில் நீரைப் பிடித்துவைக்கிறது. நம் உடலில் செல்களுக்கு வெளியே உள்ள நீரின் உப்புச்செறிவு லிட்டருக்குச் சுமார் 9 கிராம். அந்தச் செறிவு மாறாமல் காக்க, மிகையாகத் தங்கும் உப்புக்கு ஏற்ற நீரையும் உடல் தங்கவைத்துக்கொள்கிறது. சிறுநீரகம் ஓரிரு நாளில் இரண்டையும் வெளியேற்றிவிடும். சோறும் இனிப்பும் தரும் மாவுச்சத்து, கிளைகோஜனாகக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது; ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். இவற்றோடு, குடலில் இன்னும் செரிக்காமல் கிடக்கும் உணவுக்கும் எடை உண்டு. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர்த்தேக்கத்தால் எடை கூடுவதும் இயல்பு. புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களின் தசைகளும் சில நாட்கள் கூடுதல் நீரைத் தேக்கிவைக்கும். பயிற்சி பலிக்கவில்லை என்று பலர் கைவிடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான்.

இறங்குமுகத்திலும் இதே கதைதான். இத்தாலியின் பாதுவா நகரில் வாழ்ந்த மருத்துவர் சாண்டோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தான் உண்டதையும் கழித்ததையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்து 1614-இல் நூலாக வெளியிட்டார். உண்டதில் பெரும்பங்கு மலமாகவோ சிறுநீராகவோ போகாமல், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது என்று கண்டார். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஓயாமல் நீர் ஆவியாகிறது. மூச்சோடு கரியமில வாயுவும் போகிறது. ராத்திரி படுக்கும்போது இருந்த எடை காலையில் பல நூறு கிராம் குறைந்திருப்பதற்கு இதுவும் காரணம்.

இப்போது முக்கியமான எண்ணுக்கு வருவோம். நிதானமாகவும் நல்லபடியாகவும் எடை குறைக்கும் ஒருவர் வாரத்துக்கு அரைக் கிலோ கொழுப்பை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு அது 70 கிராம் சொச்சம். வீட்டு எடை மெஷின்கள் பலவும் 100 கிராம் படிகளில்தான் காட்டும். ஆக, ஒரு நாளில் கரையும் கொழுப்பு அந்த மெஷினின் மிகச்சிறிய படியைவிடக் குறைவு. அதே நாளில் நீரும் உணவும் ஏற்படுத்தும் ஏற்ற இறக்கமோ ஒரு கிலோவைத் தொடுகிறது. பத்து மடங்குக்கு மேற்பட்ட இந்த இரைச்சலுக்குள் கொழுப்பின் குரல் கேட்க வழியே இல்லை. ஒரு நாள் பெய்த மழையை வைத்துப் பருவமழை பொய்த்ததா கொட்டியதா என்று யாரும் தீர்மானிப்பதில்லை. எடைக்கும் அந்தப் பொறுமையைத் தர வேண்டும்.

அப்படியானால் எப்போது பார்ப்பது? காலையில் எழுந்து, கழிவறை போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால், லேசான உடையில், ஒரே மெஷினில், அதைச் சமமான கெட்டித் தரையில் வைத்து. இந்த நேரத்தில் வயிற்றில் உணவு குறைவு, உடல்நீரும் ஓரளவு ஒரே நிலையில் இருக்கும் என்பதுதான் காரணம். மாலையில் பார்த்தால் தவறில்லை. ஆனால் காலை எடையோடு மாலை எடையை ஒப்பிடக் கூடாது. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, வாரச் சராசரியைக் குறித்துவைத்து, நான்கு வாரச் சராசரிகளை வரிசையாகப் பார்த்தால் திசை தெரியும். மாதவிடாய் உள்ள பெண்கள் சென்ற சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் சரி.

வாரம் ஒரு முறை பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதும், ஆனால் அந்த ஒரு நாள் பிரியாணிக்கு மறுநாளாக அமைந்துவிட்டால் மொத்த வாரமும் தவறாகத் தெரியும். அடிக்கடி எடுக்கும் அளவுகளின் சராசரி இந்த விபத்தைத் தவிர்க்கிறது. தினமும் பார்ப்பது மனத்தை வதைக்கும் என்பது இன்னும் கனமான மறுப்பு, அதில் உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இளையோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், எடை பார்ப்பது அதிகரித்த இளம்பெண்களிடம் எடைக்கவலையும் மனச்சோர்வும் சேர்ந்தே கூடியிருந்தன. வளரும் பிள்ளைகளும், உணவோடு உறவு சிதைந்து சிகிச்சை பெற்றவர்களும் மெஷினை விட்டு விலகியிருப்பதே நல்லது. மற்றவர்களுக்கு, பதற்றத்தின் வேர் பெரும்பாலும் அந்த எண்ணுக்கு நாம் கற்பிக்கும் பொருளில் இருக்கிறது. உப்பு, நீர், மாவுச்சத்து என்று காரணம் தெரிந்தவருக்கு 800 கிராம் ஏற்றம் செய்திதானே தவிர குற்றப்பத்திரிகை அல்ல. இடுப்புச் சுற்றளவே மேலான அளவுகோல் என்பவர்களும் சரிதான்; வயிற்றுக் கொழுப்பு எளிதில் சேரும் நம் மக்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற வரம்பைக் கவனிக்கவே வேண்டும். மாதம் ஒரு முறை டேப்பும், தினமும் மெஷினும் ஒன்றுக்கொன்று துணை.

ஒரு நாள் எடை முழுக்க முழுக்கப் பயனற்றது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. அது நீரைக் காட்டுகிறது. நீரே நோயாகும் இடங்களில் அதைவிட எளிய எச்சரிக்கை இல்லை. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது நீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். மூச்சுத்திணறல் வரும்வரை காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் எடையை முன்னும் பின்னும் பார்ப்பதும், எவ்வளவு நீரை எடுக்க வேண்டும், எவ்வளவு எடுத்தாயிற்று என்று அறியத்தான். நான்கு மணி நேர டயாலிசிஸில் இறங்கும் கிலோக்களை எந்த மருத்துவரும் கொழுப்பு என்று சொல்வதில்லை.

நீருக்கும் கொழுப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் ஒரு வியாபாரம் செழிக்கிறது. "ஒரே வாரத்தில் ஐந்து கிலோ" என்னும் பொடிகளும் பானங்களும் பட்டினித் திட்டங்களும் பொய்யான எண்ணைக் காட்ட வேண்டியதே இல்லை. சோற்றையும் உப்பையும் திடீரென்று நிறுத்தினால் கிளைகோஜனும் அதன் நீரும் போய், முதல் வாரத்தில் மெஷின் தானாகவே சில கிலோ இறங்கும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் தானாகவே ஏறும். இறங்கியபோது பெருமை பொடிக்கு, ஏறியபோது பழி, அதை வாங்கியவரின் மனவுறுதிக்கு. முதல் வாரக் கணக்கைக் காட்டி விற்க வருகிறவரிடம் ஆறாவது மாதச் சராசரியைக் கேளுங்கள். அதைக் காட்ட முடியாதவர் விற்பது, பெரும்பாலும் நம் உடம்பிலிருந்து எப்படியும் போய்த் திரும்பிவரக்கூடிய தண்ணீரைத்தான்.