பங்காளிகளின் பிரகடனம்

மலைமக்களின் பெயரால் மலையை ஏலம் விட்ட காலம் முடிந்துவிட்டது. கனிமம் அரசுக்கு, இலாபம் நிறுவனத்துக்கு, புழுதி ஆதிவாசிக்கு என்று வகுத்த பங்கீடு தன் நியாயத்தை இழந்து நெடுநாளாயிற்று. அதை எதிர்த்து வாதாடும் வேலைகூட இனி எங்களுக்கு இல்லை. 1894-இன் நில எடுப்புச் சட்டத்தை 2013-இன் சட்டம் ஏட்டிலிருந்து அகற்றியது; பழைய சட்டம் பழக்கிய மனம் மட்டும் அலுவலகங்களில் எஞ்சி நிற்கிறது.

நாங்கள் உரிமையின் மீது நிற்கிறோம். இரக்கத்தின் நிழலை வேண்டோம். இழப்பீடு உடைமைக்கு ஈடாகாது. நலத்திட்டம் அதிகாரத்துக்கு மாற்றாகாது. பயனாளிகளின் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை நாங்களே நீக்குகிறோம். பங்காளிகளின் பதிவேட்டில் நாங்களே எழுதுகிறோம்.

எங்கள் அடித்தளத்தை நாங்கள் புதிதாக இடவில்லை. 1997 ஜூலையில் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இட்டது. அன்றைய விசாகப்பட்டினம் மாவட்டத்து அனந்தகிரி மண்டலத்தில், போரா குகைகளைச் சூழ்ந்த ஊர்களில், தனியாருக்குக் கொடுத்திருந்த சுரங்கக் குத்தகைகள் செல்லாதவை ஆயின. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி நிலம் பழங்குடியினர் அல்லாதார் கைக்குப் போகக் கூடாது என்ற விதி அரசையும் கட்டுப்படுத்தும்; சட்டத்தின் கண்ணில் அரசும் ஒரு நபரே என்றது தீர்ப்பு. அதோடு நின்றிருந்தால் அது தடுப்பாணையாக மட்டும் வரலாற்றில் பதிவாகியிருக்கும். அது மேலும் சென்றது. பழங்குடி மக்கள் தாமாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ கனிமம் எடுக்கலாம், அதற்கு அரசு நிதி தரலாம் என்றது. தொழில் ஈட்டும் நிகர இலாபத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அம்மக்களின் நிரந்தர நிதியாக ஒதுக்கவும் சொன்னது. மறுக்கும் உரிமையும் தொழில் நடத்தும் உரிமையும் ஒரே தீர்ப்பில் பிறந்தன. முதலாவதை வழக்குரைஞர்கள் கொண்டாடினார்கள். இரண்டாவதை ஏறக்குறைய எல்லாரும் மறந்தார்கள், எங்கள் நண்பர்கள் உட்பட. அந்த மறதி முடியும் இடத்தில் இவ்வியக்கம் தொடங்குகிறது.

அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் டெல்கமூக் வழக்கில் பேசியது. பூர்வகுடிகளின் வாய்மொழி வரலாறும் சான்றே என்றது. அவர்களின் நில உரிமை மண்ணுக்கடியிலுள்ள கனிமத்தையும் தழுவும் என்றது. இன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹைஸ்லா மக்கள் பெம்பினா நிறுவனத்தோடு சேர்ந்து எழுப்பும் சீடர் எரிவாயுத் திட்டத்தில் 50.1 விழுக்காடு அம்மக்களுடையது. அந்தத் திட்டம் நல்லதா என்பது அவர்கள் ஊர் வழக்கு. முடிவு அவர்கள் கையில் இருந்தது என்பதே எங்களுக்குப் பாடம்.

நியமகிரியும் எங்களுடையது, மெண்டா லேகாவும் எங்களுடையது. டோங்கிரியா கோந்தர் வாழும் ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, பாக்சைட் மலையிலேயே தங்கியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மெண்டா லேகா, 2006-இன் வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்து, தன் காட்டு மூங்கிலைத் தானே விற்கும் உரிமையை 2011-இல் வென்றது. மறுப்பில் வெளிப்பட்டதும் வணிகத்தில் வெளிப்பட்டதும் ஒரே இறையாண்மை. ஆகவே ஆதிவாசியை அருங்காட்சியகத்தில் நிறுத்திவைக்கும் அன்பை மறுக்கிறோம். அவன் கைநாட்டுக்காக மட்டும் மலையேறி வரும் முதலீட்டையும் மறுக்கிறோம்.

மறுப்பவை இன்னும் உண்டு. 2011-இன் கனிம மசோதா நிலக்கரி இலாபத்தில் 26 விழுக்காட்டைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கு என்று எழுதியது, அது சட்டமாகவில்லை. 2015-இல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை ராயல்டியை அளவுகோலாகக் கொண்டது. இலாபப் பங்கு ராயல்டியின் துணுக்காகச் சுருங்கியது. உரிமையாளர் பயனாளியாகச் சுருங்கினார். அந்தச் சுருக்கத்தை ஏற்க மாட்டோம்.

தமிழ்நாட்டில் நின்று இதை அறிவிக்கக் காரணம் உண்டு. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூரில் அலுமினியமாயிற்று. 2011 கணக்கெடுப்பின்படி எட்டு இலட்சத்தை நெருங்கும் பழங்குடியினர் வாழும் இம்மாநிலத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஓர் அங்குலமும் இல்லை. எனவே அட்டவணைப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996-இன் பேசா சட்டம் இந்த மலைகளின் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. கொல்லி, கல்வராயன், சவ்வாது மலைகளை அட்டவணையில் சேர்ப்பதே எங்கள் முதல் கோரிக்கை. அதுவரை வன உரிமைச் சட்டமே எங்கள் ஆயுதம். கிராம சபையே எங்கள் மன்றம்.

தொழில் நிறுவனங்களுக்கு எங்கள் கதவு திறந்திருக்கிறது. நிபந்தனைகளும் திறந்தே இருக்கின்றன. நிலம் விற்கப்படாது, அடமானமும் ஆகாது. அது சபையின் பெயரில் நின்று குத்தகைக்கு மட்டும் வரும், குத்தகையே எங்கள் மூலதனமாகும். இயக்குநர் குழுவில் எங்களுக்கு இருக்கை உண்டு; கணக்குப் புத்தகம் எங்கள் தணிக்கையாளருக்கும் திறக்கும். குழியை மூடி மண்ணை மீட்கும் செலவு முதல் ஆண்டிலேயே தனிக் கணக்கில் வைக்கப்படும், ஏனெனில் கனிமம் தீர்ந்த பிறகு நிறுவனத்தைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. ஒப்பந்தம் அந்தந்த ஊர் பேசும் மொழியில், குவியானாலும் கோண்டியானாலும் தமிழானாலும், சபை நடுவே முழுமையாக வாசிக்கப்படும். வாசித்த அன்றே கையெழுத்துக் கேட்கும் நிறுவனம் அடுத்த கூட்டத்துக்கு அழைக்கப்படாது.