வராத மாணாக்கர்

ஆண்டுதோறும் மாசி மாதம் பிறந்தால் தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் பிரிவுபசார வைபவங்கள் தொடங்கிவிடுகின்றன. பொதுத் தேர்வுக்குப் போகவிருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கர்கள் முற்றத்து மரத்தடியில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, நடுநாயகமாகத் தலைமையாசிரியரை இருத்தி, இரு பக்கங்களிலும் உபாத்தியாயர்களை உட்காரவைத்து, தாங்கள் பின்னே அடுக்கடுக்காக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் சட்டையில் மற்றொருவர் மசியால் பெயர் எழுதுகிறார்கள். ஆறாம் வகுப்பில் அழுதுகொண்டே வந்து சேர்ந்தது, கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய அடி, சத்துணவு வரிசையில் நடந்த சண்டை, விளையாட்டு விழாவில் தோற்ற கதை யாவும் அன்று நினைவுக்கு வருகின்றன, கண்கள் கலங்குகின்றன. இதிலே நாம் குறை காண ஒன்றுமில்லை. வக்கீல் தொழிலிலும் அரசியலிலும் பிற்காலத்தில் வாய்க்கும் நட்புகளின் தரத்தை அறிந்தவர்கள் பள்ளி நட்பை இகழமாட்டார்கள்.

ஆனால் இவ்வளவு நினைவுகளுக்கும் நடுவே ஒரு கேள்வி எழுவதில்லை. ஆறாம் வகுப்பில் நம்முடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் இந்தப் படத்தில் இல்லாதவர் யார்? எப்போதாவது ஒருவன் பெயர் வாயில் வந்தால், "அவன் படிப்பை நிறுத்திவிட்டான்" என்று சொல்லி அப்பால் போய்விடுகிறோம். இந்த வாக்கியத்தை நமது நேயர்கள் சற்றுக் கவனிக்கவேண்டும். தகப்பன் நோயில் படுத்ததனால் பதினைந்து வயதில் கூலிக்குப் போனவனையும், அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்டென்று சொல்லப்பட்டவளையும், தாங்களே யோசித்து முடிவு செய்தவர்களைப் போலப் பேசுகிறது நமது வழக்கு. நிறுத்தப்பட்டவர்களை நிறுத்தியவர்களாக ஆக்கிவிட்டால் மற்றவர்களுக்குப் பொறுப்பு ஒன்றுமில்லையல்லவா?

2023-ஆம் வருஷம் பள்ளியைவிட்டு வெளியேறிய வகுப்பை இங்கே எடுத்துக்கொள்வோம். அவ்வகுப்பின் பள்ளிக்கூட நினைவில் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். ஆண்டுப் பரீட்சை இல்லாமலே பத்தாம் வகுப்புக்கு ஏற்றப்பட்டார்கள். பத்தாம் வகுப்புக்காக அவர்கள் பள்ளிப் படியை மிதித்தது 2021 ஜனவரி 19-ஆம் தேதி. அடுத்த மாதம் 25-ஆம் தேதியன்று, அனைவரும் தேர்ச்சி என்று சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். மார்ச் 22 முதல் மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. ஒரு மாணாக்கனின் வாழ்வில் அதி முக்கியமென்று கருதப்படும் பத்தாம் வகுப்பு, இவர்களுக்கு வகுப்பறையில் இரண்டே மாதங்களில் முடிந்துபோயிற்று. அவர்களுக்குக் கிடைத்த சான்றிதழில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி என்ற ஒரு சொல் மாத்திரமே இருந்தது. பின்னர் 2021 செப்டம்பர் முதல் தேதி பதினோராம் வகுப்பில் கூடினார்கள். 2022 ஜனவரியில் மீண்டும் இரு வாரங்கள் வீட்டிலிருந்தார்கள். அந்த மே மாதத்தில்தான் தங்கள் வாழ்வில் முதன்முதலாக ஒரு பொதுத் தேர்வை எழுதினார்கள்.

இடைப்பட்ட மாதங்களில் பாடம் நடக்கவில்லை என்று சொல்வது நியாயமன்று. சர்க்காரின் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. உபாத்தியாயர்கள் பலர் கைபேசி மூலம் பாடம் அனுப்பினார்கள். சிலர் தெருத் தெருவாகச் சென்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். ஆயினும் ஒரே கைபேசியை வைத்துக்கொண்டிருந்த குடும்பத்தில், அது தகப்பனோடு காலையில் வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் திரும்பிற்று. அந்தக் கைபேசியும் இல்லாத வீடுகளைப்பற்றி நாம் விவரிக்கவேண்டியதில்லை. பையன் சும்மா இருக்கிறானே என்று முதலில் இரண்டு நாள் வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. கையில் காசு புழங்கிய பிறகு அவன் மறுபடியும் காற்சட்டையும் புத்தகப் பையுமாக வந்து பெஞ்சில் உட்காருவது எளிதன்று. அவன் கூலியை நம்பிக் கடன் வாங்கிவிட்ட குடும்பம் அவனைத் திருப்பி அனுப்புவது அதைவிட அரிது.

அதன் பயன் 2023 மார்ச் 13-ஆம் தேதி நாடறிய வெளிப்பட்டது. அன்று பிளஸ் டூ பொதுத் தேர்வின் முதல் நாள்; தமிழ்ப் பாடம். அன்றைய தேர்வுக்கு வராதவர் 50,000-க்கு மேற்பட்டவர்கள் என்ற செய்தி மறுநாள் வெளியானபோது தமிழ்நாடு திடுக்கிட்டது. தாய்மொழிப் பரீட்சைக்குக்கூட வரவில்லையே என்று அங்கலாய்த்தவர்கள் பலர். நாம் அதில் கலந்துகொள்ளமாட்டோம். தமிழ் கடினம் என்று அஞ்சி எவரும் வராமல் இருக்கவில்லை. முதல் நாள் என்பதால் இழப்பு முதலில் தமிழில் தெரிந்தது, அவ்வளவே.

கல்வி அமைச்சர் கூறிய சமாதானம் மேலும் கவனிக்கத்தக்கது. வராதவர்களில் பெரும்பகுதியினர் முந்திய ஆண்டின் பிளஸ் ஒன் தேர்வுக்கும் வராதவர்களே என்றும், அவர்களை விட்டுவிடக்கூடாது என்ற எண்ணத்தினால் பெயர்களைப் பட்டியலில் நீக்காமல் வைத்திருந்ததாகவும் அவர் சொன்னார். எண்ணம் நல்லதே. ஆனால் அதன் பொருள் என்ன? அந்த 50,000 பேரும் மார்ச் 13-ஆம் தேதி மறைந்தவர்களல்லர்; அவர்களிற் பலர் பத்து மாதங்களுக்கு முன்பே காணாமற்போனவர்கள். பெயர் இருந்தது, ஆள் இல்லை. தினந்தோறும் வருகைப் பதிவு நடந்த பள்ளிகளில், தேர்வு மண்டபத்தின் காலி நாற்காலிகளைப் பார்த்த பிறகே நாட்டுக்கு விஷயம் தெரியவந்தது. அதன்பின் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் துணைத் தேர்வு எழுதவைக்க ஏற்பாடு செய்யப்பட்டது உண்மை. அதற்காக உழைத்த உபாத்தியாயர்களை நாம் பாராட்டுகிறோம்.

மே 8-ஆம் தேதி முடிவுகள் வந்தன. தேர்வு எழுதியவர் 8,03,385; தேறியவர் 7,55,451; தேர்ச்சி 94.03 சதவீதம். முந்திய ஆண்டைவிட உயர்வு என்ற மகிழ்ச்சியில், மார்ச் மாதத்துத் திடுக்கீடு மறந்துபோயிற்று. இந்த 94 எதனால் வகுத்துக் கிடைத்தது என்பதை நேயர்கள் பார்க்கவேண்டும். எழுதியவர்களை மாத்திரம் எண்ணிக் கண்ட கணக்கு அது. வராத 50,000 பேரையும் வகுப்பில் ஒருவராகச் சேர்த்து எண்ணினால் சதவீதம் 89-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கோர்ட்டுக்கு வந்த சாட்சிகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நீதிபதிக்கு வேறு வழியில்லாத காரியம். கல்வி இலாகாவுக்கு அப்படியொரு நிர்ப்பந்தம் ஏது? சேர்ந்தவர் இத்தனை, எழுதியவர் இத்தனை, தேறியவர் இத்தனை என்று மூன்று எண்களையும் பள்ளிதோறும் வெளியிட அதற்கு ஒரு புதிய சட்டமும் தேவையில்லை, ஒரு காசுச் செலவும் இல்லை.

வேறு சில விஷயங்களுக்குச் சட்டம் தேவை. அரசியல் சாசனத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சேர்ந்த 21-ஏ பிரிவும், அதையொட்டி 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையில் உள்ள குழந்தைகளுக்கே இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கின. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் காவல் முடிந்துவிடுகிறது. மறுபக்கம், குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, பதினான்கு நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரையில் உள்ளவர்களுக்கு அபாயகரமான தொழில்களை மாத்திரம் விலக்கிற்று. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பள்ளியின் வாசலில் நின்ற காவலன் விலகும் அதே வயதில் பட்டறையின் வாசல் திறக்கிறது. 2023-ஆம் ஆண்டு வகுப்பு பள்ளியைத் துறந்த வயது இந்த இடைவெளியில்தான் விழுகிறது.

உதவிகளும் இவ்வயதை ஒதுக்கியே வந்திருக்கின்றன. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எட்டாம் வகுப்பு வரையிலுள்ளவர்களுக்கென்று வகுக்கப்பட்டது. அப்போது இவர்கள் பதினோராம் வகுப்பில் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம், சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. சிறந்த திட்டம், நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் அது பாதையின் கோடியில் காத்திருக்கும் உதவி. பாதி வழியில் விழுந்த பெண்ணின் கைக்கு அது எட்டாது.

பதினான்கை உயர்த்தவேண்டும் என்பது புதிய கூச்சலன்று. கஸ்தூரிரங்கன் தலைமையில் அமைந்த குழு 2019-ல் வெளியிட்ட வரைவில், கல்வி உரிமைச் சட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் நீட்டும்படி யோசனை கூறியிருந்தது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில் மேல்நிலை வரை எல்லோருக்கும் கல்வி என்ற இலட்சியம் இருக்கிறது. சட்டத்தை நீட்டும் வாக்குறுதி இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, அவர்களுக்குப் பதினெட்டு வயது வரையில் இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தெளிவாக வழங்கியிருக்கிறது. ஆகவே பதினெட்டு என்ற எண் நமது சட்டப் புத்தகத்துக்கு அந்நியமானதன்று.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கோபால கிருஷ்ண கோகலே 1911-ல் சட்டசபையில் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது அவர் கேட்டது ஆறு முதல் பத்து வயது வரையிலுள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே. காலம் கனியவில்லை, ஜனங்கள் கேட்கவில்லை என்றெல்லாம் சொல்லி 1912 மார்ச்சில் 38-க்கு 13 வோட்டுகளால் அதைத் தோற்கடித்தார்கள். தோற்கடித்தவர் அந்நிய ஆட்சியார். அவர்களுக்கு அது பொருந்தும். நமது பிரதிநிதிகள் அதே வாதத்தைக் கையில் எடுப்பது அழகன்று. எல்லாரும் பன்னிரண்டு படித்துத்தான் ஆகவேண்டுமா, தொழில் கற்கக்கூடாதா என்று வேறு சிலர் கேட்பார்கள். தாராளமாகக் கற்கட்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் சேர்ந்தவன் படிப்பை இழந்தவனல்லன். சித்தாளாகச் செங்கல் சுமப்பதையும், பின்னலாடைக் கம்பெனியில் பிசிறு வெட்டுவதையும் தொழிற்கல்வி என்று பெயரிட்டு அழைப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

தில்லியை எதிர்பார்த்துக் கொண்டிருக்கவேண்டும் என்பதும் இல்லை. 1976-ல் செய்யப்பட்ட 42-ஆவது திருத்தத்துக்குப் பின் கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. பதினான்குக்கு மேற்பட்ட வயதைப்பற்றி மத்தியக் கல்வி உரிமைச் சட்டம் பேசாமலிருக்கையில், பதினெட்டு வரையில் இலவசக் கட்டாயக் கல்வியைத் தமிழ்நாட்டுச் சட்டசபையே இயற்றுவதற்குத் தடை எதையும் நாம் காணவில்லை. சத்துணவில் பிற மாகாணங்களுக்கு வழிகாட்டிய நாடு இதிலும் முந்திக்கொள்ளலாம். தேர்தலில் வோட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நமது நண்பர்கள் இந்த ஒன்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கவேண்டும்.

சட்டம் வருகிற வரையில் ஊரிலிருப்பவர்களுக்கு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரும் உள்ளூர்ப் பிரதிநிதிகளும் இடம்பெற்றிருக்கிறார்கள். பிரிவுபசார நாளன்று, ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவந்து முழுவதும் வாசிக்கச் செய்யுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளிக்குப் போனவர்கள் போக, பதில் இல்லாத பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களுக்குரியவர்கள் எங்கிருக்கிறார்கள் என்பது அநேகமாக இலாகாவின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பின்வரிசையில் நிற்கும் பையன்களுக்கு நன்றாகத் தெரியும்.

2023-ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவர்கள் பதினெட்டைக் கடந்துவிட்டார்கள்; இனி எந்தச் சட்டம் வந்தாலும் அவர்களைத் தொடாது. தேறியவர்களில் பலர் கல்லூரியை முடித்துமிருப்பார்கள். வராதவர்களுக்குத் தனித்தேர்வர்களாக எழுதும் வழி அடைபட்டுவிடவில்லை. விண்ணப்பத்தை எந்த மாதத்தில், எந்த மையத்தில் கொடுப்பது என்பதை விசாரித்து, கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு, தம் பழைய தோழனின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரும்படி அவ்வகுப்பினரை நாம் கேட்டுக்கொள்கிறோம்.