‘இல்லை’ என்று எழுதினால்தான் பேருந்தில் இடம்

தனியார் பள்ளி ஒன்று சுற்றுலாவுக்கு முன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தை நண்பர் காட்டினார். ‘மாணவருக்கு வலிப்பு நோய் உண்டா?’ என்று ஒரு கட்டம். உண்டு என்றால் பிள்ளை வீட்டிலேயே இருக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்களாம். என்ன பெருந்தன்மை! பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக நண்பர் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படிவம் சாதித்தது என்ன? பையன் பேருந்தில் ஏறத்தான் போகிறான். கூடப் போகும் ஆசிரியருக்குத்தான் விஷயம் தெரியாது. கூட்டாளிகள் பார்த்துவிடுவார்களோ என்று இரவு மாத்திரை பையிலேயே கிடக்கும். விடிய விடியப் பாட்டும் ஆட்டமும் வேறு. மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும்தான் வலிப்பைக் கூப்பிட்டுக்கொண்டு வருபவை. வந்துவிட்டால் ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார், இன்னொருவர் பல்லிடுக்கில் கரண்டியை நுழைப்பார். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனை. இதை ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரம் போதும்.

‘பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான்’ என்கின்றன நிர்வாகங்கள். பள்ளியின் பெயருக்குத்தான் பாதுகாப்பு; வேறு பதில் அந்த வாதத்துக்குத் தேவையில்லை.

முறையாகக் கண்டறிந்து சிகிச்சை தந்தால் 70% பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தில் ஏழு பேர்! ஒவ்வொரு தலைமையாசிரியர் அறையிலும் தேர்ச்சி விகிதப் பலகைக்குப் பக்கத்தில் இதை எழுதி மாட்ட வேண்டும். இந்த ஏழில் ஒருவனாக இருக்க, பதினைந்து வயதுப் பையன் தினமும் நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும். ஒளித்துப் போட வேண்டிய மாத்திரையை அந்த வயதில் எவன் ஒழுங்காகப் போடுவான்?

பள்ளியை மட்டும் திட்டி என்ன பயன்? அரசாங்கமே இதே பாடத்தைத்தான் நடத்துகிறது. 18 வயதில் ஓட்டுநர் உரிமம் கேட்டுப் போனால், உடல்நல உறுதிமொழிப் படிவத்தின் முதல் கேள்வியே வலிப்பு பற்றியதுதான். ‘ஆம்’ என்றால் கதை முடிந்தது. ஐந்து வருடமாக வரவில்லை என்று எழுத அங்கே இடம் கிடையாது. ‘இல்லை’ என்று டிக் அடித்தவன் வண்டியோடு வீட்டுக்கு வருகிறான். பிரிட்டனில் 12 மாதம் வலிப்பு வராமல் இருந்தால் கார் ஓட்டலாம். பதினேழு வயதுப் பையனிடம் ‘ஒரு வருடம் மாத்திரையைத் தவறவிடாதே, லைசென்ஸ் கிடைக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்பாவின் அதட்டல் செய்யாததை அது செய்யும். நம் அப்பாக்களுக்கு அந்த ஆயுதத்தைச் சட்டம் கொடுக்கவில்லை.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. வலிப்பு அதில் இல்லை. சலுகை கேட்டால் இது குறைபாடே இல்லையாம், தடுக்க மட்டும் பெரிய நோயாம்!

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். இந்து திருமணச் சட்டத்தில் மனநோயோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக எழுதியிருந்த வலிப்பை 1999இல் நீக்கினார்கள். கால் நூற்றாண்டு கடந்தும், மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதை மாற்றலாமா என்று மகளும் அம்மாவும் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய வயது அது. ‘வாயைத் திறக்காதே’ என்று வளர்க்கப்பட்டவள் அங்கே போய் என்ன பேசுவாள்?

சுற்றுலாப் படிவத்திலிருந்து அந்த ‘வலிப்பு உண்டா’ கட்டத்தை நீக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, யாருக்கு போன் செய்வது என்று மட்டும் கேட்கட்டும். உரிமப் படிவம் கடைசியாக வலிப்பு வந்த தேதியைக் கேட்கட்டும். இரண்டும் நடந்தால் வளரிளம் பிள்ளைகளின் வலிப்பில் பாதி தானாக நின்றுவிடும் என்பது என் கணக்கு. மருத்துவர்கள் சண்டைக்கு வரட்டும்.